பஸ் மாதிரிதான் ரயிலும்

செவ்வாய்க்கிழமை, இரவு

இன்று திண்டிவனம் பாலிடெக்னிக்கில் மகளுக்கு வாய்மொழித் தேர்வு. டீசல் பயணிகள் ரயிலில் இன்ஜினின் விசை சக்கரத்துக்கு எப்படிப் போகிறது என்று நேற்று படித்துக்கொண்டிருந்தாள். இருபது வருடம் டவுன் பஸ் ஓட்டிய திமிரில், "கிளட்சு, கியரு, அவ்ளோதாம்மா. பஸ் மாதிரிதான், சைஸுதான் பெருசு" என்று அடித்துச் சொன்னேன். தலையாட்டினாள்.

காலையில் அவளை பஸ் ஏற்றிவிட்டு, விழுப்புரம் ஸ்டேஷன் எதிரே டீ குடிக்கும்போது, தெரிந்த ரயில்வே ஃபிட்டர் ஒருவரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"கியரா? நம்ம ஊர்ல ஓடுன டீசல் ரயில்ல இன்ஜின் கரண்டு உண்டாக்கும், மோட்டாரு சக்கரத்தைச் சுத்த வைக்கும். சில வண்டியில எண்ணெயைச் சுழட்டி ஓட்டுவாங்க. கியரு சின்ன ரயில் பஸ்ஸுல இருக்கும். பொண்ண பேஜாரு பண்ணிட்டீங்களே அண்ணே."

இன்று கியர் மாற்றும்போதெல்லாம் ஃபிட்டர் சொன்னதே காதில் கேட்டது. அவள் போனும் அணைந்திருந்தது.

சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தாள். "அந்தக் கேள்விதாம்ப்பா வந்துது."

"நான் சொன்னதையா சொன்ன?"

"ரயில் பஸ்ஸுக்கு மட்டும் சொன்னேன். மத்த ரெண்டும் புக்குல இருக்கறத சொன்னேன். சார் வெரிகுட்டுன்னாரு."

"அப்ப நேத்து ஏன் தலையாட்டிக்கினு இருந்த?"

"நீ ஆசையா சொல்லிக்கினு இருந்தியேப்பா."

உயிர் வந்தது. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது. என் மனைவியும் இருபது வருடமாகத் தலையாட்டுகிறாள். கேட்டுவிடலாமா என்று பார்த்தேன். வேண்டாம், இன்றாவது நிம்மதியாகத் தூங்குகிறேன்.