கோட்டுப் பையில் இருந்த கேள்வி

06.03.2012, லாங்கன்தால்
ஜெகதீஸ்வரன் வருகிறானாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்தபோது என் குறிப்புகளைத் திருடிப் பிரதி எடுத்தவன். இன்று ஆபிரிக்காவுக்குக் கடன் கொடுக்கும் வங்கியில் பெரிய ஆள். நான் புலம்பெயர்ந்து வந்து இங்கே முதியோர் இல்லத்தில் சட்டி கழுவுகிறேன். தமிழ் மன்றத்தில் அவனுக்குப் பொன்னாடை. போர்த்துவது நான்! “ஒண்டாப் படிச்சனீங்கள்தானே அண்ணை” என்று தலைவர் வரதராசா என் தலையில் கட்டிவிட்டார்.

09.03
கூட வேலை செய்யும் முலெங்கா சாம்பியாக்காரன். அந்த வங்கியின் பெயரைச் சொன்னதும் சிரித்தான். அதன் கடனில்தான் அவனுடைய ஊருக்குக் குழாய் வந்ததாம். அட்டையில் முன்பணம் போட்டால்தான் தண்ணீர். கடன் நிபந்தனை என்று ஊர்க் கிணறுகளை மூடிவிட்டார்கள். காசில்லாத தங்கை ஆற்றில் அள்ளினாள். வாந்திபேதி. அவளுடைய இரண்டு பிள்ளைகளில் ஒன்று இப்போது இல்லை. சொல்லும்போதும் அவன் கை சட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

10.03
வங்கியின் அறிக்கையைத் தேடி வாசித்தேன். நாற்பத்தேழாம் பக்கம்: “மாற்று நீர்மூலங்கள் நீக்கப்படும்.” யார் நீக்குவது? பெயர் இல்லை. அறிக்கைக்குப் பொறுப்பு: ஜெகதீஸ்வரன். கிணற்றை விட்டால் வேறு தண்ணீரே இல்லாத ஊரில் பிறந்தவனடா நீ!

11.03
கேள்வியை எழுதிவிட்டேன். நாலு வரி. முதல் மூன்று வரியும் கிணறுகளைப் பற்றி. நாலாவது வரி அவன் திருடிய என் குறிப்புகளைப் பற்றி. போர்த்தி முடிந்ததும் ஒலிவாங்கியில் கேட்பேன். முலெங்காவையும் வரச் சொல்லியிருக்கிறேன்.

15.03
மகள் லக்சாயினி அந்த வங்கியில் பயிற்சி இடத்துக்கு விண்ணப்பித்திருக்கிறாள். சிபாரிசுக் கடிதம் ஜெகதீஸ்வரன் கொடுக்கிறானாம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. மன்றத்தில் நான் கேட்கப்போவதைச் சொன்னேன்.

“உங்கட கோவத்துக்கு என்ர வாழ்க்கையோ கிடைச்சது?”

கோபம் இல்லை, நியாயம் என்றேன்.

“முலெங்காவை ஆறு வருசமாத் தெரியும். போன கிழமைதானே அப்பா அவற்ற ஊரைப் பற்றிக் கேட்டனீங்கள்?”



17.03
போர்த்தினேன். கேட்கவில்லை.

கடைசி வரிசையில் முலெங்கா, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, விளங்காத தமிழுக்குள் என் கேள்விக்காகக் காத்திருந்தான். கட்டிப்பிடித்த ஜெகதீஸ்வரன் காதுக்குள் சொன்னான்: “உன்ர மூளைக்கு நீ எங்கயோ இருந்திருக்கோணும் மச்சான்.” நாய். நானும்தான்.

19.03
முலெங்கா ஒன்றும் கேட்கவில்லை. என்னை ஏசியிருந்தாலாவது ஆறியிருக்கும்.

02.10.2013
லக்சாயினி சாம்பியாவிலிருந்து தொலைபேசி எடுத்தாள். வேலைக்கு எடுத்த வங்கி அங்கே அனுப்பி மூன்று வாரம். முலெங்காவிடம் விலாசம் வாங்கிப் போய் அவன் தங்கையைப் பார்த்திருக்கிறாள். கிணற்று வாய்க்கு மேல் சீமெந்து பூசியிருக்கிறதாம். அதில் உட்கார்ந்துதான் கதைத்தார்களாம். வெள்ளிக்கிழமை அங்கே குழாய்த் திட்டம் பற்றி வங்கியின் கூட்டம். தலைமை ஜெகதீஸ்வரன்.

“வேலை போனாலும் போகட்டும் அப்பா. அண்டைக்கு எழுதின கேள்வி இருக்கோ?”

கோட்டுப் பையில் அப்படியே இருந்தது. மெதுவாக வாசித்தேன், அவள் எழுதிக்கொண்டாள். மூன்று வரியோடு நிறுத்தினேன்.

“அவ்வளவுதானோ?”

ஓம் என்றேன்.