ஷூ கம்பெனியின் சைரன்

பிப்ரவரி 3, 2025, திங்கள்

அப்பா போனபின் கம்பெனியில் அவர் நாற்காலியில் உட்காரத் தொடங்கி ஒரு மாதம். நாற்காலி என்னை எதிர்க்கவில்லை. நானும் எதையும் எதிர்ப்பதில்லை. சுரங்கம் மூடிய ஊரில் சுரங்கத் தொழிலாளிகளுக்கு இரும்பு முனை ஷூ செய்து வெளிமாநிலங்களுக்கு அனுப்புகிறோம். இதில் வேடிக்கை இருப்பது தெரிகிறது. சிரிப்பு வரவில்லை.

தம்பி எழிலன் பெங்களூரிலிருந்து பேசினான். கம்பெனியை நரசாபுரம் தொழிற்பேட்டைக்கு மாற்றிவிடலாமாம். சரி என்றேன். மதியம் எலுமிச்சை சாதமா, தயிர் சாதமா என்று அம்மா கேட்டதற்கும் சரி என்றேன்.

பிப்ரவரி 6

தையல் பிரிவில் இடமாற்றத்தைச் சொன்னேன். பெண்கள் தலை நிமிரவில்லை. சூப்பர்வைசர் ஈவ்லின் மட்டும், "தெனம் அவ்ளோ தூரம் போய் வந்துக்கினு இருந்தா, எங்க புள்ளைங்க எங்க மூஞ்ச ஆதார் கார்டுலதான் பாக்கணும் மேடம்" என்றாள். நியாயம். தலையாட்டினேன். தலையாட்டுவதுதான் இப்போது என் உத்தியோகம்.

அம்மாவிடமும் சொன்னேன். என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

பிப்ரவரி 10

ஒன்றுமில்லை.

பிப்ரவரி 13

எங்கள் ஷூவை வாங்கும் கம்பெனியிலிருந்து நோயல் என்ற அதிகாரி பாதுகாப்புச் சோதனைக்கு வருகிறார். தீ விபத்து ஒத்திகை நடத்த வேண்டும்: சைரன் ஊதினால் எல்லாரும் பின்பக்கத் திடலில் கூட வேண்டும். சைரன் மாட்டியாயிற்று. எவ்வளவு சத்தம் வேண்டும் என்றார்கள். இருப்பதிலேயே பெரியது என்றேன்.

பிப்ரவரி 18

காலையில் ஒத்திகை. உள்ளே எல்லாருக்கும் சொல்லியிருந்தேன். ஊருக்குச் சொல்லத் தோன்றவில்லை. இங்கேயே பிறந்த எனக்கே. ஷிப்டு மாறாத நேரத்தில் சைரன் ஊதினால் சுரங்கத்தில் விபத்து என்று அர்த்தம். போட்டது போட்டபடி சுரங்க வாய்க்கு, ஷாஃப்டுக்கு, ஓடுவார்கள். சுரங்கம் மூடி இருபத்து நான்கு வருஷம் ஆகிறது. கால்களுக்கு யாரும் தெரிவிக்கவில்லை போலும்.

பழைய சுரங்கத் தொழிலாளிகளின் லைன் வீடுகளிலிருந்து ஓடி வந்தார்கள். மாவுக் கையோடு, ஒற்றைச் செருப்போடு. கேட்டுக்கு வெளியே நின்றார்கள். அழுகை இல்லை, கூச்சல் இல்லை. "யாரு?" என்று மட்டும் கேட்டார்கள்.

யாருமில்லை, ஒத்திகை என்றேன். நகரவில்லை. தோல் வெட்டும் பிரிவில் மகளை வைத்திருக்கும் பழனியம்மா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மொதல்ல அப்டித்தாம்மா சொல்வாங்க. ஆளக் காட்டு" என்றாள்.

காட்டினேன். திடலுக்குப் போக வேண்டியவர்கள் ஒவ்வொருவராகக் கேட்டுக்கு வந்து முகம் காட்டினார்கள். பார்த்தவர்கள், பார்த்த முகத்தை நன்றாகத் திட்டிவிட்டு வீடு திரும்பினார்கள். திடலில் நோயல் மட்டும் கூடியிருந்தார்.

கடைசியில் கேட்டில் ஒருத்தி மிச்சம். கிட்டே போனபிறகுதான் தெரிந்தது — அம்மா. வெறுங்கால். கம்பி வழியாகக் கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டாள்.

"கீறியாடி?"

இருக்கிறாயா என்று கேட்கிறாள். இதை யாரும் என்னைக் கேட்கவில்லையே இத்தனை நாளும்.

"கீறேம்மா."

பிப்ரவரி 19

தையல் பிரிவின் கூரையில் ஓட்டைகளை எண்ணினேன். இத்தனை நாள் கண்ணில் படவில்லை.

பிப்ரவரி 24

நோயலின் அறிக்கை வந்தது. 'பணியாளர்களுக்கு எங்கே போக வேண்டும் என்று தெரியவில்லை.' ஒத்திகையைத் திரும்ப நடத்தச் சொல்கிறார். இந்த முறை ஊருக்கு ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வதாகப் பதில் எழுதினேன்.

மார்ச் 1, சனி

எழிலன் நரசாபுரத்து வரைபடத்தோடு வந்தான். அவன் வந்தபோது தையல் பிரிவின் கூரை மேல் ஆட்கள் நின்று அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாக்கா, காலி பண்ற எடத்துக்குப் புது ஷீட்டா?"

"யாரு காலி பண்றது?" என்றேன்.

வரைபடத்தை விரிக்காமலே பைக்குள் திரும்ப வைத்தான். கூரையிலிருந்து ஒருவர் குனிந்து, ஷீட் நீலமா பச்சையா என்று கேட்டார்.

பச்சை என்றேன்.