சாலைப் பக்கத்துக் கதவு

மார்ச் 4

அன்புள்ள ராசாத்திக்கு,

இங்கே நான் நலம். நீ நலமா என்று உன் கடிதத்தில் தேடிப் பார்த்தேன். சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன், சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் நாலே வரி. கட்டிய புருஷனுக்கு எழுதினாயா, குழாய் ரிப்பேர்காரருக்கு எழுதினாயா?

புதிதாகப் பதினெட்டுப் பேர் பயிற்சிக்கு வந்திருக்கிறார்கள். முடித்ததும் பாதிப் பேரை ஏரிச் சாலை மாதிரிக் குறுகலான சாலைகளுக்குத்தான் அனுப்புவார்கள். அதனால் திங்கட்கிழமை முதல் பாடம் சைக்கிள். ஒவ்வொருவரையும் சைக்கிளில் உட்காரவைத்து, பக்கத்தில் பேருந்தை ஓட்டச் சொல்வேன். முதலில் ஒரு முழம் தள்ளி. பிறகு ஓர் ஆள் குறுக்கே படுக்கிற அளவு தள்ளி. இந்தத் தடவை ஒரு பயில்வான் வந்திருக்கிறான். கழுத்தும் தலையும் ஒரே அகலம். முதல் தடவை பேருந்து கடந்ததுமே சைக்கிளைப் போட்டுவிட்டு இறங்கிவிட்டான். "சார், வண்டி மேல படவே இல்ல சார், காத்தே ஆளைத் தள்ளுது" என்றான். அவ்வளவுதான், அதற்குமேல் நான் பாடம் நடத்த வேண்டியதே இல்லை.

கடைசியில் என் கதையைச் சொல்வேன். இருபத்திரண்டு வருஷம் ஒரு கீறல் விழாமல் பேருந்து ஓட்டியவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரியைப் பார்க்கச் சொந்தக் காரை ஓரமாக நிறுத்தினேன், பின்னால் பார்க்காமல் சாலைப் பக்கத்துக் கதவைத் திறந்தேன், சைக்கிளில் வந்த பெண் அதில் மோதித் தடுப்புச் சுவரில் விழுந்தாள், இரண்டாம் நாள் போய்விட்டாள் என்று. அதுவரை பின்வரிசையில் பேசிக்கொண்டிருப்பவர்களும் வாயை மூடிவிடுவார்கள். பிறகு ஒவ்வொருவரையும் காரில் உட்காரவைத்துக் கதவை இடது கையால் திறக்கச் சொல்வேன். இடது கையை வலப்பக்கம் கொண்டுபோனால் உடம்பு தானாகத் திரும்பும், கண் தானாகப் பின்னால் போகும்.

கண்ணைக் காட்டினாயா? போன தடவை வந்தபோது செய்தித்தாளைக் கையெட்டும் தூரத்துக்கு நீட்டிப் படித்தாய். இனி நீட்டக் கை பத்தாது.

உன்,
'என்னங்க'


மார்ச் 11

அன்புள்ள என்னங்கவுக்கு,

நாலு வரி என்று சண்டைக்கு வந்தீர்கள். இந்தத் தடவை நீளமாக எழுதுகிறேன், படித்துவிட்டு நாலு வரியே பரவாயில்லை என்று சொல்லாதீர்கள்.

குழாய் சரியாகிவிட்டது. பள்ளி அலுவலகத்தில் ஒரு மாணவியின் சான்றிதழில் 'பெண்' என்கிற இடத்தில் 'ஆண்' என்று எழுதிவிட்டேன். எழுத்து கலங்கித் தெரிகிறது. அவள் அம்மா வந்து, "பெத்த எனக்கே தெரியாம என் பொண்ணைப் பையனாக்கிட்டீங்களே!" என்றாள். தலைமையாசிரியர்கூடச் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். ரொம்ப நாள் கழித்துச் சிரித்ததால் எனக்கே என் குரல் யாரோ மாதிரி இருந்தது.

கண்ணைக் காட்டவில்லை. இந்த ஊரில் கண்ணாடிக் கடை ஒன்றுதான் இருக்கிறது. அது யாருடைய கடை என்று உங்களுக்கும் தெரியும். அந்த விபத்தில் மனைவியைப் பறிகொடுத்த மனுஷன் முன்னால் போய் உட்கார்ந்து, அவர் காட்டுகிற எழுத்தை எந்த முகத்தோடு படிப்பேன்?

நீங்கள் திங்கட்கிழமைக் கதையை நிறுத்திவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன். அன்றைக்குக் காரை ஓட்டியது நான். பழகுநர் உரிமம் வாங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தீர்கள். கதவைத் திறந்தது என் கை. போலீஸ் வருவதற்குள் நீங்கள் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டீர்கள். உங்கள் உரிமத்தை இரண்டு வருஷத்துக்கு முடக்கினார்கள், உங்கள் பேருந்தை வாங்கிக்கொண்டு அந்த ஊருக்கு அனுப்பினார்கள். அதோடாவது முடிந்ததென்று இருந்தேன். புதிதாக ஆள் சேரும்போதெல்லாம் அவர்கள் முன்னால் நின்று என் பாவத்தை உங்கள் வாயால் சொல்கிறீர்கள் என்றால் எனக்குச் சோறு இறங்குமா?

உங்கள்,
நான்தான்


மார்ச் 15

ராசாத்தி,

உன் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிட்டேன். இந்த மாதிரி விஷயத்தை யாராவது தாளில் எழுதுவார்களா? இங்கே என் அறையில் இன்னொரு ஆள் இருக்கிறார். தபாலை எடுத்துவருவதே அவர்தான்.

முடிந்த வழக்கு அது. எனக்கு ஒரு குறையும் இல்லை. இங்கே மரியாதையாக நடத்துகிறார்கள். நான் சொல்கிற கதையில் யாருக்கும் நஷ்டமில்லை, லாபம்தான். 'இவரே இப்படிச் செய்திருந்தால் நாம எம்மாத்திரம்' என்று அவர்களுக்குப் படுகிறது. உள்ளதைச் சொன்னால் என்ன ஆகும்? "பொம்பளை ஓட்டினா அப்படித்தான் சார்" என்று ஒருத்தன் சொல்வான், மற்றவர்கள் சிரிப்பார்கள், பாடம் காற்றில் போய்விடும்.

நீ கண்ணாடிக் கடைக்குப் போக வேண்டாம். லீவு கிடைத்ததும் நான் வந்து உன்னை வேறு ஊருக்குக் கூட்டிப்போய்க் காட்டுகிறேன். அதுவரை எதையும் மனசில் போட்டு உழப்பிக்கொள்ளாதே. நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்,
'என்னங்க'


ஏப்ரல் 2

அன்புள்ள என்னங்கவுக்கு,

உட்கார்ந்து படியுங்கள்.

சனிக்கிழமை கண்ணாடிக் கடைக்குப் போனேன். வாசல்வரை போய் இரண்டு தடவை திரும்பினேன். மூன்றாம் தடவை அவரே கதவைத் திறந்து, "உள்ள வாங்கம்மா" என்றார். என்னை அடையாளம் தெரிந்துதான் கூப்பிட்டார். நாற்காலியில் உட்காரவைத்து, கனமான அந்தச் சோதனைக் கண்ணாடியை மூக்கில் மாட்டி, ஒவ்வொரு வில்லையாகப் போட்டுக் காட்டினார். "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. கடைசி வரிசை தெளிவாகத் தெரிந்தது. அவர் முகமும் தெரிந்தது. கன்னம் ஒட்டிப்போய், ஒரு பக்கம் சரியாகச் சவரம் செய்யாமல். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"வண்டி ஓட்டினது என் வீட்டுக்காரர் இல்லைங்க. நான்" என்றேன்.

அவர் கையில் இருந்த வில்லையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

இனி எழுதப்போவது உங்களுக்கும் தெரியாது. அந்தப் பெண் மணி அடித்தாள். எனக்குக் கேட்டது. நீங்கள் திரும்பிப் பின்சீட்டில் பிளாஸ்கைத் தேடிக்கொண்டிருந்தீர்கள், ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, அதனால் உங்களுக்குக் கேட்கவில்லை. எனக்கு இரண்டு தடவை நன்றாகக் கேட்டது. ஏரிச் சாலையின் ஏழு வளைவையும் முதல் தடவையாக நானே ஓட்டி வந்த சந்தோஷத்தில் இருந்தேன். கீழே ஏரிக்கரையில் ஏதோ குழந்தை மணி அடிக்கிறது என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே திறந்தேன். ஓடிப்போய் அவள் தலையை மடியில் வைத்தபோது, "பெல் அடிச்சேனே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நம்பாத மாதிரி சொன்னாள்.

போலீசில் நீங்கள் "மணிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை" என்றீர்கள். உங்களுக்குக் கேட்டதைத்தான் சொன்னீர்கள், தெரியும். ஆனால் 'மணி அடிக்காமல் வேகமாக வந்தார்' என்று எழுதிக்கொண்டார்கள். பாதித் தப்பு அவள் தலையில் விழுந்தது. அதனால்தான் தண்டனை உரிமத்தோடு நின்றது. நான் வாய் திறக்காமல் பக்கத்தில் நின்றேன்.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். அவர் உட்கார்ந்துவிட்டார். "ரத்தம் டெஸ்ட் பண்ற லேப்ல அவளுக்கு ஏழு மணிக்கு டியூட்டி. தினமும் அந்த ரோடுலதான் போவா. ஞாயித்துக்கிழமைகூட விடமாட்டா. கிளம்பும்போதெல்லாம் பெல் அடி, பெல் அடின்னு சொல்லுவேன். நீங்க என்ன கிளிப்பிள்ளையான்னு கேப்பா" என்றார். பிறகு, "ஒரு வருஷமா அவமேல கோபமா இருந்தேன்மா. அத்தனை தடவை சொல்லியும் அடிக்கலையேன்னு. போட்டோவுக்கு முன்னாடி நின்னு திட்டியிருக்கேன். செத்துப்போனவளை" என்றார்.

நான் அழுதேன். அவர் அழவில்லை. "உங்க வீட்டுக்காரரை வெறுத்துப் பழகிட்டேன். இப்ப மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணுமா? எனக்குத் தெம்பு இல்லைம்மா. போங்க. கண்ணாடி வியாழக்கிழமை ரெடியாயிடும்" என்றார்.

அங்கிருந்து நேராகப் போலீஸ் நிலையத்துக்குப் போனேன். "முடிஞ்ச கேஸை ஏம்மா கிளறுறீங்க?" என்றார் எழுத்தர். எழுதிக்கொள்ளுங்கள் என்று நின்றேன். எழுதிக்கொண்டார்கள். பொய் சொன்னதற்கு உங்களையும் விசாரிப்பார்களாம். உங்கள் வேலைக்கு ஆபத்து வரும் என்று தெரிந்துதான் செய்தேன். மன்னிப்பீர்களோ மாட்டீர்களோ.

என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அன்றைக்கு நீங்களும் கேட்கவில்லை. தோளைப் பிடித்துத் தள்ளி, "நீ பேசாம இரு, நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். ஒரு வருஷம் பேசாமல் இருந்தேன். நமக்குள்ளும் பேச்சு நின்றுபோனதைக் கவனித்தீர்களா? குழாய் ஒழுகுகிறது என்பதைத் தவிர எழுத எனக்கு என்ன இருந்தது?

உங்கள்,
ராசாத்தி


மே 6

அன்புள்ள என்னங்கவுக்கு,

ஒரு மாதமாகிறது. நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. கோபம் என்றால் கோபத்தையாவது எழுதுங்கள்.

விசாரணை அடுத்த வாரம். கண்ணாடிக் கடைக்காரர் வந்து மணி விஷயத்தைப் பதிவிலிருந்து நீக்கச் சொல்லி மனு கொடுத்திருக்கிறார். என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை என்று வக்கீல் சொன்னார். எனக்கு என்ன தீர்ப்பானாலும் சரி, அதற்கு நான் தயார்.

கண்ணாடி வந்துவிட்டது. இந்தக் கடிதத்தை அதைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். உங்கள் பழைய கடிதங்களையும் எடுத்துப் படித்தேன். 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று பல கடிதங்களில் எழுதியிருக்கிறீர்கள்.

வந்துவிடுங்கள். பேச வேண்டாம், சும்மா வந்து இருங்கள்.

உங்கள்,
ராசாத்தி


ஜூன் 20

ராசாத்தி,

பதில் எழுதாதது கோபத்தால் இல்லை. முதல் பத்து நாள் கோபம்தான், ஒப்புக்கொள்கிறேன். பிறகு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

விசாரணைக் கடிதம் வந்த வாரமே பதினெட்டுப் பேரையும் உட்காரவைத்து உள்ளதைச் சொன்னேன். நான் நினைத்தபடியே பின்வரிசையில் ஒருத்தன், "பொம்பளை கையில வண்டியைக் குடுத்தா..." என்று ஆரம்பித்தான். "எழுந்திரு" என்றேன். "அவங்களுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தது யாரு? நான். கிளட்ச் சொன்னேன், கியர் சொன்னேன், மேட்டுல நிறுத்தி எடுக்கச் சொன்னேன். இறங்குறதுக்கு முன்னாடி பின்னால பாருன்னு சொல்லிக்கொடுக்கலை. அவங்க எதைப் பாத்து இறங்குவாங்க?" என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான்.

பயில்வான் மட்டும் கை தூக்கினான். "அப்படின்னா சார், அன்னைக்கே போலீஸ்ல இதைச் சொல்லியிருக்கலாமே. ஏன் மாத்திச் சொன்னீங்க?" என்று கேட்டான். இத்தனை நாளும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

உன்னைக் காப்பாற்றத்தான் இருக்கை மாறினேன் என்று நீ நினைத்தாய். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மை அது இல்லை. கதவு திறந்த சத்தம் கேட்ட அந்த நிமிஷமே, 'இதைச் சொல்லிக்கொடுக்கவில்லையே' என்றுதான் எனக்குப் பட்டது. தப்பு என்னுடையது என்று நினைத்துத்தான் அந்த இருக்கையில் உட்கார்ந்தேன். இதை உன்னிடம் அன்றே சொல்லியிருந்தால், ஆளுக்குப் பாதியாகச் சுமந்திருப்போம். சொல்லவில்லை. நீ அழுதால் உன்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். தேற்றுகிறவன் இடம் எனக்கு வசதியாக இருந்தது.

என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இங்கிருந்து இன்னும் தொலைவில் ஒரு பழுதுபார்க்கும் பட்டறையில் சேர்ந்திருக்கிறேன். உன் தீர்ப்பை வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இனி எந்த உரிமமும் கிடையாது, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆஸ்பத்திரி விபத்துப் பிரிவில் வேலை, இரண்டு வருஷத்துக்கு. பதிவிலிருந்து அந்த மணி வரியை எடுத்துவிட்டார்களாம். நீ செய்தது சரி. இதை எழுத எனக்கு இரண்டரை மாதம் பிடித்தது.

போன செவ்வாய்க்கிழமை உன்னிடம் வரத்தான் கிளம்பினேன். ஏரிச் சாலைப் பேருந்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். இதுவரை ஊருக்கு வேறு சுற்று வழியில்தான் வந்தேன், அந்தச் சாலையில் இப்போதுதான் முதல் தடவையாகப் பயணியாகப் போகிறேன். ஏரியை நின்று பார்க்கிற இடத்தில் இப்போது கார்களை நிறுத்த விடுவதில்லை. உள்ளே தள்ளி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இரண்டாவது வளைவில் முன்னால் ஒரு பெரியவர் சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தார். யாரிடம் படித்தவனோ தெரியவில்லை, ஓட்டுநர் ஹாரன் அடிக்கவில்லை, ஒட்டிப் போகவும் இல்லை. அவர் பின்னாலேயே மெதுவாக வந்தான். பின்சீட்டு ஆள் கத்தினார்: "யோவ், ஒரு சைக்கிளைத் தாண்ட முடியலையா?" "இடம் இருந்தா தாண்டுவேங்க. இல்லையே" என்றான் அவன், திரும்பாமலே. ஏழாவது வளைவு தாண்டிச் சாலை அகலமானதும்தான் ஒதுங்கி முந்தினான். பெரியவர் ஒரு கையைத் தூக்கினார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மா, "ஜன்னலை மூடிக்கோங்க, தூசி" என்றாள்.

நம் தெரு நிறுத்தத்தில் பேருந்து நின்றது. மாடியில் உன் பச்சைப் புடவை காய்ந்துகொண்டிருந்தது. சமையலறை ஜன்னல் திறந்திருந்தது, நீ நடமாடுவது தெரிந்தது. பையை எடுத்து மடியில் வைத்தேன். வந்தால் என்ன செய்வோம் என்று யோசித்தேன். எனக்குக் கோபம் போய்விட்டதா என்று நீ என் முகத்தைப் பார்ப்பாய். நீ அழுதாயா என்று நான் உன் முகத்தைப் பார்ப்பேன். ஒரு வருஷமாக நான் வரும்போதெல்லாம் அந்த வீட்டில் இதைத்தானே செய்தோம்.

இறங்குகிற இரண்டு பேருக்கு வழிவிட்டுக் காலை ஒதுக்கிக்கொண்டேன். "வேற யாராவது இறங்கணுமா?" என்று நடத்துநர் கேட்டார்.

இல்லை என்று சொல்லிவிட்டேன், ராசாத்தி.

இப்படிக்கு,
நான்