மாமாவுக்கு ஒரு குரோசான்

சனிக்கிழமை, மாமல்லபுரம்.

படுத்தும் தூக்கம் வரவில்லை.

ஆபீஸ் நண்பர்களோடு ரெண்டு நாள் லீவில் வந்திருக்கிறேன். வேன் ஓட்டி வந்தது என் அக்கா வீட்டுக்காரர். திருக்கழுக்குன்றத்தில் சொந்தமாக வண்டி வைத்திருக்கிறார். "நான் கீறப்போ வேற வண்டி எதுக்கு மச்சான்?" என்று அவரே வந்தார். அவர் என் மாமா என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

சாயங்காலம் கடற்கரைப் பக்கம் இருக்கும் பிரெஞ்சு பேக்கரிக்குப் போனோம். வாசலிலேயே வெண்ணெய் வாசனை. வண்டியில் நான் மறந்துவிட்ட போனைக் கொடுக்க மாமா உள்ளே வந்தார். என் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

"டிரைவர் அண்ணாவுக்கு ஒரு குரோசான் பார்சல் சொல்லட்டுமா? வண்டியிலயே சாப்பிடட்டும்" என்று திவ்யா என்னைக் கேட்டாள். நல்ல மனசோடுதான் கேட்டாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் மெனு கார்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாமா என் முகத்தைப் பார்த்தார். போனை மேஜைமேல் வைத்தார்.

"எனக்கு ஒண்ணும் வேணாம் சார்."

என்னிடம்தான் சொன்னார். சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அப்புறம் எங்களை ஓட்டலில் இறக்கிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

அறைக்கு வந்து ஒன்றரை மணி நேரம் கழித்து அக்கா போன் செய்தாள்.

"இன்னாடா, மாமாவ பெரிய வெள்ளக்காரன் கடைக்கு இட்டுகினு போனியாமே? உன் பக்கத்துலயே குந்திகினு தின்னாராம். வூட்டுக்கு வந்ததுலேர்ந்து அதையே சொல்லிகினு கீறாரு."

அவள் சந்தோஷமாகச் சிரித்தாள். நான் "ஆமாக்கா" என்றேன்.