கேசட்டில் கேட்ட அரபி

கொல்லயில் கிராமம்,
12 ஆகஸ்ட் 1977

அன்பு மகன் ஜெயதாசுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் இரக்கத்தால் நானும் உன் அம்மாவும் தங்கச்சி ஓமனாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்கிறாய் என்று உன் கேசட் சொல்லுகிறது, அதை நம்புவதுதான் எனக்குப் பாடாக இருக்கிறது. இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. கிழக்கே நின்ற மரச்சீனிக் கிழங்கில் பாதியை எலி கொண்டுபோயிற்று, எலிதானா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. ஒமக்கு சந்தேகம் இல்லாம சோறு எறங்காது ஆக்கும் என்கிறாள் உன் அம்மா. சொல்லட்டும்.

கேசட்டை வெள்ளறடையில் யோசுவா வீட்டுக்குக் கொண்டுபோய், அவன் குவைத்திலிருந்து வந்தபோது கொண்டுவந்த டேப் ரிக்கார்டரில் போட்டுக் கேட்டோம். ஓமனா கேட்டிருந்தபடி நீ அரபி பேசிக் காட்டினாய். சரி, இப்போ வாறேன், கொண்டு வாறேன், கழுவியாச்சு என்று ஒவ்வொன்றையும் அரபியில் சொல்லி நம் பேச்சில் அர்த்தமும் சொன்னாய். கம்பெனியில் சாயங்காலம் வகுப்பு உண்டு, அங்கே படித்தேன் என்றாய். அம்மாவுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. யோசுவாதான் வாய் பிளந்தான். நான் மூணு வருசம் கெடந்தேன் அண்ணே, கேம்ப் முழுக்க நம்ம ஆளுவ, எனக்கு வந்தது நாலு வார்த்த, இவன் போயி ஒரு வருசம் ஆகல்ல, என்னமா பேசுதான் என்றான். அவன் மெச்சித்தான் சொன்னான், எனக்கு அங்கேதான் சந்தேகம் தொடங்கியது. ஒரே அறையில் நெய்யாற்றின்கரைக்காரர்கள் மூன்று பேர் கூட இருப்பதாக எழுதியிருந்தாயே, அவர்கள் எங்கே மக்கா? நம் பேச்சு பேச ஒருவராவது பக்கத்தில் இருந்தால் அந்நியப் பேச்சு இவ்வளவு சீக்கிரம் நாக்கில் ஏறாது.

சந்தேகம் வந்த பிறகு நான் சும்மா இருப்பேனா. வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு நெய்யாற்றின்கரையில் ஒருவர் அரபி வகுப்பு நடத்துகிறார் என்று கேள்விப்பட்டு, பஸ் ஏறிப் போய், ஜன்னலுக்கு வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாத்தியார் வெளியே வந்து, வகுப்புல சேராம வெளிய நின்னே படிச்சிரலாம்னு பாக்குதீரா என்று கேட்டார். என் மகன் படித்த பாடம் சரிதானா என்று பார்க்க வந்தேன் என்றதும் சிரித்து உள்ளே உட்காரச் சொன்னார். அங்கே முதலில் சொல்லிக்கொடுப்பது என் பேர் இன்னது, என் ஊர் இன்னது, எனக்கு உடம்பு சரியில்லை, எனக்கு இது வேண்டாம். கழுவியாச்சு என்பது எந்தப் பாடத்தில் வரும் என்று கேட்டேன். அது வகுப்புல வராது, ஒரு வீட்டுல வேலைக்கு நின்னா தானா வரும் என்றார். கம்பெனி ஸ்டோரில் கணக்குப் பார்க்கிறேன் என்று எழுதியவன் எதைக் கழுவுகிறான் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

எனக்கு மலையாளம் வந்த விதத்தை உன்னிடம் சொன்னதில்லை. மேலேவீட்டு முற்றத்தில்தான் வந்தது. அப்போது நம் குடிசை அவர்கள் மண்ணில் இருந்தது. வீட்டில் தமிழ், முற்றத்தில் அவர்களுடைய மலையாளம். தேங்காய் பொறுக்கப் போன கொஞ்ச நாளிலேயே நானும் கடகடவென்று பேசினேன், வந்ததெல்லாம் வாறேன், எடுக்கிறேன், ஆச்சு என்கிற பேச்சு. வேண்டாம் என்பதற்கு மலையாளத்தில் என்ன என்று தெரியும், அந்த முற்றத்தில் நின்று அதைச் சொல்லத்தான் வாய் எழவில்லை. சட்டம் வந்து, குடிகிடப்பு உரிமை என்று குடிசை நின்ற பத்து சென்ட் மண் நம் பேரில் ஆகி இத்தனை வருஷம் கழிந்தும், மேலேவீட்டுக்காரர் ரோட்டில் எதிரே வந்தால் என் தோளில் கிடக்கும் துவர்த்துத் துண்டு கைக்கு இறங்கிவிடுகிறது.

கேசட்டின் மறுபக்கத்தில், அம்மா வைக்கும் மீன் கறியைப் பற்றி நீ பேசிக்கொண்டிருக்கும்போது தூரத்தில் யாரோ ஒரே ஒரு தரம் கூப்பிட்டார்கள். பேச்சைப் பாதியில் விட்டு நீ அரபியில் ஏதோ சொல்லிக்கொண்டு ஓடுகிற சத்தம் கேட்டது. என்ன சொன்னாய் என்று யோசுவாவுக்குத் தெரியவில்லை. எனக்கு அர்த்தம் தேவைப்படவில்லை. மேலேவீட்டில் கூப்பிட்டால் நான் கொடுத்த குரல் அது. நீ அதைக் கேட்டு வளரக்கூடாது என்றுதான் உன்னை அந்த முற்றத்துப் பக்கமே விட்டதில்லை. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவள் எல்லாரிடமும் மகனுக்குக் கம்பெனி வேலை என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

வீட்டு வேலை செய்வது குறைச்சல் என்று நான் சொல்லவில்லை. நீ எங்கே இருக்கிறாய், பாஸ்போர்ட் உன் கையில் இருக்கிறதா, அதைச் சொல். கூரை ஓலையாகவே இருந்துவிட்டுப் போகட்டும், ஓடு போடவில்லை என்று யாரும் நம்மை இறக்கிவிடப் போவதில்லை. வெளியே விடுகிறார்கள் என்றால் நம் ஆட்களைத் தேடிப் போ, எங்காவது வகுப்பு இருந்தால் சேர். கூடக் கிடந்து தானாக வந்த பேச்சு அவர்களுக்கு வேண்டிய பேச்சு, உனக்கு வேண்டியதை நீதான் கேட்டுப் படிக்க வேண்டும்.

வாத்தியாரிடம் ஒரே ஒரு வரி கேட்டு வாங்கி, பஸ்ஸில் வரும்போதே சொல்லிச் சொல்லி மனப்பாடம் ஆக்கினேன். எனக்கு என் வீட்டுக்குப் போகணும் என்று அர்த்தம். அடுத்த கேசட்டில் மறக்காமல் அதைச் சொல்லு, உன் குரலைக் கேட்டால் நீ எப்படி இருக்கிறாய் என்று எனக்குத் தெரிந்துவிடும். வேளாவேளைக்குச் சாப்பிடு, ஜெபத்தை விடாதே. ஆண்டவர் உன் போக்கையும் வரவையும் காப்பாராக.

உன் அப்பா
சுவாமிதாஸ்

அந்த வரி இதுதான், தெரியாவிட்டால் இதைப் பார்த்துப் படி: உரீது அன் அத்ஹப இலா பைத்தீ.