மேயரம்மா சறுக்கின கால்மிதி

அன்பு மகள் டெலியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், கை கால் எலும்பெல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. நியூசிலாந்தில் நீயும் மாப்பிள்ளையும் ஆடுகளும் சுகமென்று நம்புகிறேன். மாப்பிள்ளை இன்னமும் ஆடுகளைவிடக் குறைவாகத்தான் பேசுகிறாரா?

சுற்றிச் சுற்றிச் சறுக்கி இறங்குகிற நம் கோபுரத்தின் நெற்றியில் எழுதியிருக்கிற ‘ஹெல்டர் ஸ்கெல்டர்’ எங்கிருந்து வந்தது என்று உன் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேட்டதாக எழுதியிருந்தாயே, ஊர் ஊராகச் சந்தைக்குப் போகிற நம்மவர்களோடு வரும் பாதிரியாரிடம் கேட்டேன். அரக்கப்பரக்க, தாறுமாறாக விழுந்தடித்து ஓடுவதுதான் அர்த்தமாம். வார்த்தைக்கு வயசு முந்நூற்றைம்பதுக்கு மேலேயாம், கோபுரம் நேற்றுப் பிறந்த பிள்ளை, வார்த்தையிடம் பேரைக் கடன் வாங்கிக்கொண்டதாம். விரைவதற்கு இருந்த ஏதோ பழைய சொல்லின் வாரிசு என்று சிலர் சொல்கிறார்கள், ஓடுகிற கால்களின் தடதடப்பைக் கேட்டு எவனோ கட்டிவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள், நிச்சயமாக யாருக்கும் தெரியாதாம். என் தாத்தா கண்டுபிடித்தது என்று சொல்லிப் பார்த்தேன், பாதிரியார் தாத்தாவின் வயசைக் கேட்டுவிட்டார்.

நான் அந்தத் தடதடப்புக் கட்சிதான். ஏனென்றால் சனிக்கிழமை அந்தச் சத்தத்தை என் காதாலேயே கேட்டேன்! மார்ல்டன் சந்தையின் சட்டம் உனக்குத் தெரியும், மத்தியானம் மேயர் மணியடித்துவிட்டு நம் கோபுரத்தில் முதல் ஆளாகச் சறுக்கவேண்டும், அப்போது கோபுரம் தயாராக இல்லையென்றால் நம் இடம் அடுத்து நிற்கிறவனுக்கு, அதுவும் நிரந்தரமாக. அடுத்து நின்றவன் யார்? என் சித்தப்பா மகன் சைலஸ்தான், பல்லெல்லாம் தெரிய நின்றான். நம் லாரியோ வழியில் சேற்றில் புதைந்து, நேரம் போய், வந்து சேர்ந்தபோது காலைப்பொழுது பாதி போய்விட்டது. உன் அண்ணன் லெஸ்டர் மேலே, அண்ணி குவெனி கீழே, நான் நடுவில் கத்திக்கொண்டு, பலகையெல்லாம் பூட்ஸ் கால், தடதடதட. குவெனி, “மாமா, நீங்க வாய மூடினா இன்னும் சீக்கிரம் முடியும்” என்றாள். முடிந்தது. லெஸ்டர் சரிபார்க்கச் சறுக்கினான், கால்சட்டையின் பின்பக்கம் மேலேயே தங்கிவிட்டது. அப்போதுதான் உறைத்தது, உட்கார்ந்து சறுக்குகிற நார்ப்பாய் ஒன்றுகூட இல்லை! அத்தனையையும் லாரிச் சக்கரத்துக்கு அடியில் போட்டு ஏறிவந்து, வந்த சந்தோஷத்தில் சேற்றிலேயே விட்டுவிட்டோம். யாருடைய யோசனை என்று கேட்காதே.

மணி அடித்துவிட்டது. மேயரம்மா சிவப்பு அங்கியும் தங்கச் சங்கிலியுமாகப் படியேறுகிறார். இந்த இடம் போனால் கோபுரத்தை விறகுக்குப் போடவேண்டியதுதான், லெஸ்டர் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. அப்போது சைலஸின் பெண்டாட்டி ஆகஸ்டா, தன் வண்டிவீட்டு வாசலில் ஈ உட்காரவும் விடாமல் வைத்திருப்பாளே அந்தக் கால்மிதி, அதை உதறி எடுத்துக்கொண்டு வந்தாள். “ஏ கிழவா, நீ தோக்கணும்னு எனக்கும் ஆசைதான். ஆனா பாய் இல்லாமத்தான் தோத்தேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவே, அத என்னால கேக்க முடியாது” என்றாள். சைலஸ், “அடிப்பாவி, கால்மிதியோட இடத்தையும் குடுத்துட்டியேடி!” என்று அலறினான். அதற்குள் குவெனி கால்மிதியோடு மேலே ஓடிவிட்டாள். மேயரம்மா அங்கி பறக்கச் சுற்றிச் சுற்றி வந்து புல்லில் விழுந்து, தொப்பியைத் தேடியெடுத்துக்கொண்டு, இன்னொரு தடவை என்றார்!

இடம் நமக்குத்தான், டெலியா. அதில் ஒரு ஓரத்தை ஆகஸ்டாவின் ஆப்பிள் மிட்டாய்க் கடைக்கு விட்டிருக்கிறேன், இனி வருஷாவருஷம். சைலஸ்தான் பாகு கிண்டுகிறான், என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். நான் தினமும் ரெண்டு மிட்டாய் வாங்குகிறேன், எனக்கோ பல்லே இல்லை.

உனக்கு மாசம் நெருங்குகிறது, ஏணி ஏறாதே, எதற்கும் ஓடாதே. உன்னையும் வரப்போகிற சின்னவரையும் கடவுள் கைக்குள் வைத்துக்கொள்ளட்டும். பிறந்ததும் தந்தி கொடு, மறக்காதே. மூக்கு என்னைப்போல இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும் அப்பா,
ஜெத்ரோ