ஐஸ் வீதியில் அப்பா, சனிக்கிழமை சாமத்தியவீடு

மார்ச் 3, செவ்வாய்

மழை. கனடாவில், ஸ்காபரோவில் இந்தக் குளிர் நேரத்தில் மழை! பஸ்ஸில் எல்லோருக்கும் சந்தோசம், எனக்கு இல்லை. வடக்கு ஊர்களுக்குச் சாமான் ஏற்றும் அப்பாவின் லொறிக்கு, ஏரியும் ஆறும் உறைந்தால்தான் வீதி. இளகினால் வீதி இல்லை.

சாரி பிளவுஸ் இறுக்கம். கணக்கு படிக்கவில்லை.

சனிக்கிழமை என் சாமத்தியவீடு, கார்டில் பூப்புனித நீராட்டு விழா. பெரியபிள்ளையாகி ஒன்றரை வருடம். லண்டன் மாமாவுக்கு இப்போதுதான் லீவாம். மண்டபம், பல்லக்கு, புகை மெஷின். புகை எதற்கு? மாமா என் அறையில் குறட்டை. நான் குளியலறையில், கதவைப் பூட்டி எழுதுகிறேன்.

அம்மா போனில்: "வெள்ளி பின்னேரம் இஞ்ச நிக்கோணும். தேப்பன் இல்லாமல் ஃபமிலி போட்டோவோ? சனம் என்ன கதைக்கும்?"

அப்பா: "வாறன், வாறன். கொஞ்சம் மிதிச்சு ஓடினாச் சரி."

மிதிச்சு ஓடுவாராம். ஐஸில்.

மார்ச் 4, புதன்

இன்னும் ஈரம். சப்பாத்துக்குள் தண்ணீர்.

போன மாதம் அப்பாவே சொன்னது: பாரத்தோடு வேகமாகப் போனால் ஐஸுக்கு அடியில் தண்ணீர் அலையாக முன்னே ஓடும், கரைப்பக்கம் ஐஸை உடைக்கும். அதனால் ஊர்ந்துதான் போக வேண்டும். பெல்ட் போடக் கூடாது, கண்ணாடி இறக்கியிருக்க வேண்டும். விழுந்தால் வெளியே பாய! பகிடி போலச் சொன்னார்.

அம்மாவிடம் சாமத்தியவீட்டைத் தள்ளிப்போடச் சொன்னேன்.

"ஐயர் குறிச்ச நேரம். விளையாடுறியோ?"

மாமா, அப்பாவைப் பற்றி, வாய் நிறைய மிக்சர்: "கொப்பர் வன்னியில சண்டை நேரம் ஷெல்லுக்குள்ளால டிராக்டர் ஓடினவர். உது அவருக்கு ஐஸ்கிரீம்." தானே சிரித்தார். "உவள் சரியான பயந்தாங்கொள்ளி, அக்கா."

திரும்பவும் சொன்னேன். மாலை ரோசாவோ மல்லிகையோ என்று கேட்கிறார் அம்மா. கடவுளே.

மார்ச் 5, வியாழன்

கணக்குச் சோதனை படுமோசம்.

பின்னேரம் அப்பாவின் வட்ஸ்அப் கோல். ஏதோ கடைவாசலில் வைஃபை. கடைசி ஏரியை இன்னும் கடக்க வேண்டுமாம். "முன்னுக்குப் போறவன் ஊருறான், பிள்ளை. அவனை வெட்டிக்கொண்டு வந்திடுவன்."

ஏரியில் முந்தப் போகிறார். என் சாமத்தியவீட்டுக்காக.

என் வாய் தானாகச் சொன்னது: "அப்பா, மண்டபத்தில தண்ணிப் பைப் வெடிச்சிட்டுது. ஃபங்ஷன் அடுத்த மாசம்தான்."

போனில் பெரிய மூச்சு. "அப்ப இண்டைக்கு இஞ்சயே படுக்கிறன். ரெண்டு நாளா நித்திரை இல்லை, கண் எரியுது. அம்மாட்டைச் சொல்லாதை."

அழுகை. ஆத்திரமும். முதலே சொன்னால் என்ன, இந்த மனிதர்?

சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பொய்யையும். மாமா: "ஐயோ, கார்ட் எல்லாம் குடுத்தாச்சு!" அம்மா ஏசவில்லை. "கண் எரியுதெண்டு உனக்குச் சொன்னவரோ? எனக்குச் சொல்லேல்லையே."

அதிலிருந்து அம்மா அப்பாவுக்குப் போன் அடித்துக்கொண்டே இருக்கிறார். எடுக்கவில்லை.

"நித்திரையா இருப்பார், அம்மா, விடுங்கோ."

நித்திரைதான். ஏரியில் இல்லை, நித்திரையாகத்தான் இருக்க வேண்டும்.